வலமிருந்து இடமாகக் கண்வளரும் ஒரு கண்ணாடிப் படம்

உள்ளங்கை இரண்டளவேயான ஒரு கண்ணாடிப் படம். அரவணைமேல் எம்பெருமான் கண்வளர்ந்தருளுகிறான். திருமுடி சேவிப்பவரின் வலப்புறம், திருவடி இடப்புறம். எழுதியவர் பெயரோ ஊரோ ஆண்டோ இல்லை. தலைமுறைகளாகக் கோயிலாழ்வாரில் அதை எழுந்தருளப்பண்ணியிருக்கும் அகத்தார் ‘திருவெஃகா யதோக்தகாரி’ என்கின்றனர். விலை மதிக்க வந்த ஒருவரோ, ‘அரங்கன் படத்தை இடம்வலம் மாற்றி எழுதிய பிழை’ என்றாராம். அப்படியாயின் ஆராதனத்தில் வைக்கலாமா என்ற கலக்கத்தோடு அடியேனிடம் கொணர்ந்தனர்.

திருவரங்கத்தில் பெரிய பெருமாளின் திருமுடி மேற்கே, திருவடி கிழக்கே. தெற்கு நோக்கிய அவனைச் சேவிப்பார்க்குத் திருமுடி இடப்புறமே தோன்றும். சேஷசாயிப் படங்கள் பெரும்பான்மையும் இம்முறையே. திருமழிசைப்பிரான் சொன்னவண்ணம் சென்று மீண்டமைக்கு அடையாளமாகத் திருவெஃகாவில் சயனம் மாறியிருப்பதை வாசகர் அறிவர். ஆகவே அகத்தார் கூற்றுக்கு இடமுண்டு.

ஆயினும் செய்முறையையும் பார்க்க வேண்டும். சீன வணிகத்தின் வழியே இந்நாட்டுக்கு வந்து, 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேரூன்றிய இக்கலையில் ஓவியர் கண்ணாடியின் பின்புறத்தில் எழுதுவார். நாம் முன்புறத்தில் காண்போம். பலகைப் படத்தில் கடைசியாக எழுதும் திருக்கண்ணும் திருவாபரணக் கோடுகளும் இங்கு முதலில் வரும்; பின்னணி கடைசி. மூலப்படம் ஒன்றைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து அப்படியே வரைந்தால், முன்புறம் திருப்புகையில் வலம் இடமாகிவிடும். தேர்ந்தவர் இதை முன்னறிந்து மாற்றிக்கொள்வர்.

நம்மவர் கண் முதலில் திருமண்காப்பைத்தான் தேடும். அதைப்பற்றி ஒரு நாழிகை பேசவும் செய்வோம். அது இருபுறமும் ஒத்த வடிவு, இங்குச் சாட்சியாகாது. யஜ்ஞோபவீதமே சாட்சி. அது இடத்தோளினின்று வலப்பக்கம் இறங்க வேண்டும். திருமுடி நம் வலப்புறமாக, திருமார்பு நம்மை நோக்கக் கண்வளர்கையில், அவனுடைய இடத்தோள் கீழே அணையைச் சார்ந்திருக்கும். நூல் அத்தோளினின்றே கிளம்ப வேண்டும். இப்படத்திலோ மேல்தோளினின்று இறங்குகிறது. திருமறுவும் வலமார்பை விட்டு இடமார்பில் உள்ளது. திருவெஃகாவை எண்ணி எழுதியவர் சயனத்தை மாற்றியிருப்பார். நூலையும் மறுவையும் மாற்றியிரார். ஏட்டில் ஓரிடம் மாறியிருந்தால் பாடபேதமோ என ஐயுறலாம். எல்லா இடமும் ஒரே வகையில் மாறியிருந்தால் பெயர்த்தெழுதியவர் கைப்பிழை என்றே கொள்கிறோம் அல்லவா?

எனவே விலை மதித்தவர் பிழையென்றது சரியே. ஆனால் அரங்கன் என்றது மிகை. படத்தில் நாபிக்கமலத்தில் பிரமன் இருக்கிறான். பெரிய பெருமாள் திருமேனியில் அது இல்லை. சேஷசாயி என்பதற்குமேல் துணிய இயலாது.

ஆராதனத்தின் நிலை வேறு. திருவெஃகாப் பொய்கையில் அவதரித்த பொய்கையாழ்வாரே, முதல் திருவந்தாதி 44-ஆம் பாசுரத்தில், அடியார் உகந்த வடிவையே அவன் தன் வடிவாகக் கொள்கிறான் என்று அருளிச்செய்தார். ஓவியர் கருத்து யாதாயினும் அவ்வகத்தார் உகந்தது யதோக்தகாரியை. கோயிலாழ்வாரினின்று எடுக்க வேண்டா என்றேன். சட்டத்தின் பின்பலகையில் இரண்டையும் எழுதி வைக்கச் சொன்னேன்: ‘சேஷசாயி, மூலப்படத்தினின்று இடம்வலம் மாறியது, இவ்வகத்தில் திருவெஃகா எம்பெருமானாக ஆராதிக்கப்படுவது.’ கண்ணாடியின் பின்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டா என்றும் சொல்லியனுப்பினேன். வண்ணம் அங்கேதான் இருக்கிறது.