கவச கேபிளுக்கும் எர்த் வேண்டும்

வீட்டுக்குப் பின்னால் சமையல் கொட்டகை, துணி துவைக்கும் இடம், முன்பக்கம் தானியங்கி கேட். இவற்றுக்கு மின்சாரம் கொண்டுபோக, பலரும் மண்ணுக்கடியில் கவச கேபிள் பதிக்கிறார்கள். இரும்புக் கம்பி சுற்றிய கேபிள், மண்வெட்டி பட்டாலும் தாங்கும் என்ற நம்பிக்கை. ஆனால் அந்த இரும்புக் கம்பிகளை எர்த்துடன் இணைக்காமல் விட்டால், காக்க வேண்டிய கவசமே உயிருக்கு உலை வைத்துவிடும்.

ஆபத்து எங்கே?

கேபிளின் நடுவில் உறையிட்ட செம்புக் கம்பிகள். அவற்றைச் சுற்றித் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிகள். வெளியே கறுப்பு உறை. கேபிளை நறுக்கிய முனையில் கூர்மையாக நீட்டி நிற்கும் ஓர் இரும்புக் கம்பி, நாளடைவில் லைவ் கம்பியின் உறையை உரசிக் கிழிக்கலாம். அப்போது கவசம் முழுவதிலும், அதைத் தொட்டிருக்கும் இரும்புப் பெட்டியிலும் 230 வோல்ட் ஏறிவிடும். எர்த் இல்லாததால் அது வெளியேற வழியில்லை. சுவிட்ச் விழாது, விளக்கும் வழக்கம்போல் எரியும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் அந்தப் பெட்டியைத் தொட்டால், அவர் உடலே வழியாகிவிடும்.

எம்சிபி மட்டும் போதுமா?

போதாது. நம் வீடுகளுக்குத் தெனாகா நேஷனல் எர்த் கம்பி தருவதில்லை. வீட்டருகே மண்ணில் அடித்த செம்புத் தண்டுதான் நமது எர்த். தண்டின் மண் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 10-ஆல் வகுத்தால், பழுதின்போது ஓடும் மின்சாரம் 23 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரணச் சுமை, விழவே விழாது. நாம் இஎல்சிபி என்று சொல்லும் ஆர்சிசிபியோ 100 மில்லி ஆம்பியர், அதாவது 0.1 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆனால் கவசத்தில் ஏறிய மின்சாரம் மண்ணுக்குப் போக எர்த் இருந்தால்தான், ஆள் தொடுவதற்கு முன்பே அது விழும்.

சரியான முறை

கேபிள் முனையில் பித்தளை கிளாண்ட் பொருத்த வேண்டும். இரும்புக் கம்பிகளை விரித்து, கிளாண்டின் கூம்பு மேல் பரப்பி இறுக்க வேண்டும். கிளாண்டுக்கும் பெட்டிக்கும் இடையே, பேன்ஜோ எனப்படும் காது வைத்த வளையம் வர வேண்டும். அந்தக் காதிலிருந்து ஒரு செம்புக் கம்பி டிபி பெட்டியின் எர்த் பட்டைக்குப் போக வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் இவை:

- இரும்புக் கம்பிகளை வெட்டி, டேப் சுற்றி, பெட்டித் துளைக்குள் நுழைப்பது.
- பிளாஸ்டிக் பெட்டியில் கிளாண்ட் மட்டும் போட்டு, பேன்ஜோவை விட்டுவிடுவது. பிளாஸ்டிக் வழியே எர்த் போகாது.
- இரும்புப் பெட்டியின் பெயின்ட்டைச் சுரண்டாமல், அதன்மேலேயே கிளாண்டை இறுக்குவது.
- கேபிளுக்குள் எர்த் கம்பி இருக்கிறதே என்று கவசத்தை விட்டுவிடுவது. அந்தக் கம்பி கொட்டகையில் உள்ள சாதனங்களுக்கு. கவசத்தையும் தனியே இணைத்தாக வேண்டும்.
- கொட்டகை அருகே புதிதாக ஒரு தண்டு அடித்துவிட்டு, கவசத்தை அதனுடன் இணைக்காமல் விடுவது.

டெஸ்ட் பொத்தானை நம்பலாமா?

ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அது அந்தச் சாதனம் வேலை செய்கிறதா என்பதை மட்டுமே காட்டும். வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். எர்த் சரியா என்பதைக் கருவி வைத்து அளந்துதான் சொல்ல முடியும்.

ஆகவே பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். கவசத்துக்கும் எர்த் பட்டைக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா, தண்டின் மண் தடை எவ்வளவு என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். புது வேலை என்றால் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். குழியை மூடுவதற்கு முன்பே, "கவசத்துக்கு எர்த் எங்கே கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வயர்மேன் அந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுவார்.