பெட்டியில் போட்டிருக்கும் 525 மடங்கை நம்பாதீர்கள்

அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு இணையத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். பெட்டியில் சனிக்கோளின் வண்ணப்படம், பக்கத்தில் ‘525 மடங்கு’. மொட்டைமாடியில் ஃபோகஸ் திருகைத் தொட்டதுமே ஈர்க்குச்சிக் கால்கள் ஆடின; நிலா பார்வையைவிட்டு ஓடியது. படமெடுக்க மொபைலை மாட்டினோம், குழாய் கவிழ்ந்தது. பிள்ளையின் முகம் வாடிப்போனது.

அந்த 525 எங்கிருந்து வருகிறது? 700 மி.மீ. குவியத்தூரத்தை 4 மி.மீ. கண்வில்லையால் வகுத்தால் 175. மேலே அதை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லை. ஆனால் முகப்பு வில்லை 60 மி.மீ. விட்டம்தான் என்றால், சுமார் 120 மடங்குக்கு மேல் மங்கல்தான் பெரிதாகும்.

இதைவிட ஆபத்தானது, சில பெட்டிகளில் வரும் ‘சன்’ என்று எழுதிய, கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி. உடனே உடைத்துப் போடுங்கள். குவிந்த வெயிலில் அது சட்டென்று விரிசல் விடும். விழித்திரை கருகும்போது வலிகூடத் தெரியாது. சூரிய ஃபில்டர் எப்போதும் குழாயின் முன்வாயை மூட வேண்டும். கேமராவுக்கும் இதே விதி.

படமெடுக்கத்தான் ஆசை என்றால் முதலில் தொலைநோக்கியே வேண்டாம். பழைய டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸ், ஆடாத டிரைபாட் போதும். 500ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால் 10 நொடி. சிறிய சென்சாருக்கு 6. அதற்குமேல் ஷட்டர் திறந்திருந்தால், பூமி சுழல்வதால் விண்மீன் கோடாக இழுபடும். இப்படி நூறு படம் எடுத்து மென்பொருளில் அடுக்கினால் ஓரியன் நெபுலா துலங்கும். பழைய லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தே வாங்குங்கள். நம் கடலோர ஈரத்தில் உள்ளே சிலந்திவலைபோலப் பூஞ்சை படரும்.

எதை இணையத்தில் வாங்கினாலும் பில்லை விடாதீர்கள், பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், இணைய விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்கின்றன 2020 மின்வணிக விதிகள். அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தந்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

என்னிடமும் முதலில் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்றார்கள். 1915இல் புகார் பதிந்த பிறகு பணம் வந்தது. அதில் வாங்கிய டிரைபாடில்தான் அவள் இப்போது கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எடுக்கிறாள்.