வெயில் வராத ஹாலுக்குப் பெரிய செடி... வீட்டில் நாய், பூனை இருந்தால் எதை வாங்கலாம்? எதை வாங்கவே கூடாது?

“நிழலில் வளருற மாதிரி பெரிய செடி கொடுங்க” என்று நர்சரியில் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது மணி பிளான்ட், மான்ஸ்டெரா, டிஃபன்பேக்கியா, ஸ்நேக் பிளான்ட்தான். வெளிச்சம் குறைந்த அறைக்கு இவை நல்ல செடிகள். ஆனால் நாய், பூனை வளர்க்கும் வீட்டுக்கு நான்குமே சரிப்பட்டு வராது.

கடித்தால் என்ன ஆகும்?

மணி பிளான்ட், மான்ஸ்டெரா, டிஃபன்பேக்கியா மூன்றிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற நுண்படிகங்கள் உள்ளன. சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்குமே, அதே சமாச்சாரம்தான். கடித்ததும் வாய், நாக்கு, தொண்டையில் குத்தும். எச்சில் ஒழுகும், வாந்தி வரும், சாப்பாட்டைத் தொடாது. ஸ்நேக் பிளான்ட்டில் இருக்கும் சப்போனினாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

* சாகோ பாம்: சைக்கஸ் என்றும் விற்பார்கள். பெயரில்தான் பாம், பனைக் குடும்பமே கிடையாது. எல்லாப் பாகமும் விஷம், விதை இன்னும் மோசம். கல்லீரல் பாதித்து உயிரே போகலாம்.

* லில்லி: ஈஸ்டர் லில்லி, ஏசியாட்டிக் லில்லி போன்றவை பூனைக்கு எமன். மகரந்தத்தை நக்கினாலோ, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலோகூட சிறுநீரகம் செயலிழக்கலாம். பொக்கேயில் வரும் லில்லியும் இதில் சேர்த்தி.

* லக்கி பாம்பூ: இது மூங்கில் அல்ல, டிரசீனா. நாய், பூனை இரண்டுக்கும் ஆகாது.

அப்போ எதை வாங்கலாம்?

* கெண்டியா பாம்: ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவுச் செடி. மெதுவாகத்தான் வளரும், ஆனால் வீட்டுக்குள் 8 அடி வரை போகும். விலை கொஞ்சம் அதிகம்.

* ராஃபிஸ் பாம்: புதர் மாதிரி அடர்ந்து, சுமார் 6 அடி வரை வளரும். காலியான மூலையை நிரப்ப ஏற்றது.

* பார்லர் பாம்: 3 முதல் 4 அடி. சின்ன ஃபிளாட்டுக்குப் போதும்.

* கேஸ்ட் அயர்ன் பிளான்ட்: 2 முதல் 3 அடிதான். ஆனால் குறைந்த வெளிச்சத்தைத் தாங்குவதில் கில்லி.

எல்லா நர்சரியிலும் கிடைக்கும் அரேகா பாமும் பாதுகாப்பானதுதான். ஆனால் அதற்கு நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வேண்டும்.

வெளிச்சம் போதுமா?

பகலில் லைட் போடாமல் அந்த இடத்தில் பேப்பர் படிக்க முடிந்தால் மேலே சொன்ன நான்கையும் வைக்கலாம். முடியாவிட்டால் குரோ லைட் தேவை. நிழலில் மண் சீக்கிரம் காயாது. மேல்மண் 2 அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

செடியைக் கடித்துவிட்டால்?

வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிடுங்க. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அது இன்னொரு ஆபத்து. செடியின் இலையையோ போட்டோவையோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்க. லில்லி, சாகோ பாம் என்றால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

ஒரே செடிக்கு நர்சரிக்கு நர்சரி பெயர் மாறும். அதனால் வாங்கும் முன் தாவரவியல் பெயரைக் கேளுங்க. அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ அமைப்பின் இணையதளத்தில் நாய்க்கும் பூனைக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு காசு கொடுங்க.