பழைய வண்டியும் புதுக் குழந்தையும்

தாம்பரத்திலிருந்து மயிலாப்பூர் வரை மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஸ்கூட்டரில் சவாரி செய்துகொண்டிருந்த என் மருமான், ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று தடுப்பூசிக்குக் குறித்துக் கொடுத்த அட்டையை வைத்துக்கொண்டு, முதல் தவணைக்குக் குழந்தையோடு ஆட்டோவில் போய்வந்த அன்று மாலையே என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, பழசா இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கார் வாங்கிடணும். அஞ்சு லட்சத்துக்குள்ள. நீங்க கூட வரணும்" என்றான். வாகன சாஸ்திரத்தில் எனக்குப் பாண்டித்தியம் உண்டு என்று எண்ணி அவன் அழைக்கவில்லை. பழைய கார் ஒன்றை வாங்கி நான் ஏமாந்த கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். ஒருமுறை ஏமாந்தவனைத் துணைக்கு அழைத்துப் போவதே புத்திசாலித்தனம் என்று என் தங்கைதான் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

எங்கள் தலைமுறையில் பழைய கார் வாங்குவதைக் குறைவாக எவரும் நினைத்ததில்லை. அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் அந்த நிலைமை மெல்ல மாறத் தொடங்கிற்று. அந்தக் காலத்துப் பெரியவர்கள் வண்டி பார்க்கப் போனால், முதற்காரியமாக பானெட்டைத் தூக்கச் சொல்லி, எஞ்சின் ஓடும் ஓசைக்கு, கச்சேரியில் சுருதி பார்ப்பவரைப்போலத் தலையைச் சாய்த்துக் காதுகொடுப்பார்கள். அப்பழக்கம் இன்னும் நம்மை விட்டபாடில்லை. எஞ்சினைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வண்டி யாருக்காக வாங்கப்படுகிறதோ அந்தப் பிரயாணி, முன்னால் அல்ல, பின் ஆசனத்தில் போகப் போகிறவன். அவனோடு கூட அமரப் போகிறவள், வயிற்றில் தையல் போட்ட புண் இன்னும் முழுதாக ஆறாத அவன் தாய். ஆகவே, மருமானிடம் நான் போட்ட முதல் நிபந்தனை, எந்த வண்டியைப் பார்த்தாலும் பின் கதவைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பது. இரண்டாவது நிபந்தனை அவனுக்குச் சிரிப்பை உண்டாக்கிற்று: குழந்தைக்கான ஆசனத்தை முதலில் வாங்கி, அதைக் கையோடு தூக்கிக்கொண்டு கார் பார்க்கப் போக வேண்டும் என்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. பச்சைக் குழந்தைக்கான ஆசனம் வண்டியின் பின்புறத்தை நோக்கி, அதாவது நாம் பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையில், குழந்தை பார்க்கும்படி அமைக்கப்படுவது. கழுத்து உறுதிப்படாத சிசுவின் தலையும் முதுகும் ஒருசேரத் தாங்கப்பட வேண்டும் என்பதே அதன் தத்துவம். அப்படி வைத்த ஆசனம், பார்வைக்குச் சிறிதாக இருந்தாலும், முன் ஆசனத்தை ஒரு சாண் முன்னே தள்ளிவிடும். நாங்கள் பார்த்த ஓர் அழகான செடான் வண்டியில் அதைப் பொருத்திய பிறகு, முன்னால் அமர்ந்த நான் முழங்காலை டாஷ்போர்டில் முட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. விற்க வந்தவர், "சார், குழந்தையை அம்மா மடியிலேயே வெச்சுக்கலாமே, நாமெல்லாம் அப்படி வளர்ந்தவங்கதானே" என்றார். மடி அன்பின் ஸ்தானம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வேகமாகப் போகிற வண்டி திடீரென்று மோதி நிற்கும் கணத்தில் ஐந்து கிலோக் குழந்தை அதைப்போலப் பல மடங்கு பாரமாகி முன்னே பாயும்போது, எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ தகுந்த ஆசனமோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஏர்பேக் இருக்கும் முன் ஆசனத்தில் இப்படிப் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது, பெரியவரைக் காக்க வெடித்து விரியும் அந்தப் பை, சிசுவுக்கு யமனாகிவிடும்.

பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, தரையிலிருந்து ஆசனம் எவ்வளவு உயரம், குனியாமலும் தாவாமலும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏறி அமர முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தபோது, வாகன் ஆர், பழைய சான்ட்ரோ போன்ற கூரை உயர்ந்த சிறு வண்டிகளைப் பற்றி இளைஞர்கள் செய்யும் பரிகாசம் எவ்வளவு அர்த்தமற்றது என்று தோன்றிற்று. தையல்காரப் பெட்டி போலிருக்கிறது என்று மருமானே ஒருகாலத்தில் சொன்னவன்தான். அவன் மனைவி அதில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "இதுதாங்க சௌகரியம்" என்று சொன்ன பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

உயரம் சௌகரியத்தைத் தருமேயன்றி ரட்சணையைத் தந்துவிடாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து சிறு கார்களை, ஏர்பேக் இல்லாத அடிப்படை ரகங்களாகவே எடுத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பரீட்சித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அதன்பின் விதிகள் படிப்படியாக இறுகின: 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். பிரேக்கும், அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுபவருக்கு ஏர்பேக்கும், 2022 பிறந்தபோது முன்னால் அமரும் இருவருக்குமே ஏர்பேக்கும் கட்டாயமாயின. ஆகையால், ஒரே விலையில் 2014-ஆம் வருஷத்துப் பெரிய வண்டியும் 2019-க்குப் பிந்திய சிறிய வண்டியும் எதிர்ப்பட்டால், நான் சிறியதைத்தான் எடுக்கச் சொல்வேன். தெருவில் கௌரவம் சற்றுக் குறையும், குறையட்டும். குழந்தை ஆசனத்தைச் சொடுக்கென்று மாட்டிக்கொள்ளும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின் ஆசனத்தின் சாய்வுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ளனவா என்று விரலை விட்டே தடவிப் பார்க்க வேண்டும். 2018-இல் வந்த ஸ்விஃப்டில் எல்லா ரகத்திலும் அவை உண்டு. சில வண்டிகளில் விலை கூடின ரகத்தில் மட்டுமே இருக்கும். டீசல் வண்டி வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து மருந்துக் கடைக்குமாகச் சிறு தூரமே ஓடப்போகிற வண்டிக்கு, குறிப்பாக 2020-க்குப் பிந்திய டீசல் எஞ்சினுக்கு, புகைக்கரியை வடிகட்டும் சாதனம் அடைத்துக்கொள்ளும் உபத்திரவம் தனி.

இனி நான் ஏமாந்த கதை. சென்னையை வெள்ளம் மூழ்கடித்த 2015 டிசம்பருக்குப் பிறகு ஆறேழு மாதம் கழித்து, ஒரு தரகர் மூலம், ஒரே கையில் இருந்த வண்டி என்று நம்பி, பளபளவென்று இருந்த ஒரு காரை வாங்கினேன். புதிய சீட் உறை, மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம், கண்ணாடிபோலத் துலங்கும் எஞ்சின். இரண்டே மாதத்தில், கதவுக் கண்ணாடிகள் தாமாகவே இறங்க ஆரம்பித்தன, ஏ.சி.யைப் போட்டால் குளத்துப் பாசியின் நாற்றம் வீசிற்று. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, கிண்டிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. பின் ஆசனத்து சீட் பெல்ட்டைப் பிடித்து, உருளையில் இருந்த அத்தனையும் வெளியே வரும்வரை நிதானமாக இழுத்தார். நாம் அன்றாடம் உபயோகிக்கும் பகுதி சுத்தமாகத்தான் இருந்தது. ஒருவரும் என்றும் இழுத்திராத கடைசி ஒரு முழம் மட்டும், கோடு போட்டதைப்போலக் காய்ந்த சேறாக இருந்தது. "தண்ணி இது வரைக்கும் நின்னிருக்கு சார்" என்று தம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். சீட்டையும் கார்ப்பெட்டையும் கழுவியவன் அந்த ஒரு முழத்தைக் கழுவ மறந்துவிட்டான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. அவையெல்லாம் சென்னையிலேயே விற்கப்படும் என்று எவர் சொன்னது? எந்த ஊரில் வாங்கினாலும் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும்; டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அது இருந்த பள்ளத்தில் வண்டலோ துருவோ உண்டா என்று பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கம், 3518 என்றிருந்தால், 2018-ஆம் வருஷத்து முப்பத்தைந்தாம் வாரத்தில் அது பிறந்தது என்று அர்த்தம். மீட்டர் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டுகிற வண்டியில் நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், அந்த மீட்டரைத் தரகர் சற்றுப் பின்னோக்கி நடத்தியிருக்கிறார் என்று கொள்ளலாம். பானெட்டைத் திறந்ததும், மட்கார்டைப் பிணைக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் பெயர்ந்து ஸ்பானர் பட்ட தடம் இருந்தால், அந்த இடம் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேட்க வேண்டும். ஸ்டார்ட் செய்யுமுன் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். நாம் வருவதற்கு முன்பே சூடேறியிருக்கும் எஞ்சின், காலைக் குளிரில் கக்கும் நீலப் புகையை நம்மிடமிருந்து மறைத்துவிடும்.

காகித விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கலாகாது. படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்து வாங்கி, உடனே பெயர் மாற்றிவிட வேண்டும். இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாள் அவகாசம். பழைய சொந்தக்காரர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் சற்று ஏறும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் நஷ்டஈட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பதிவேட்டில் உள்ளவரே. ஆகவே விற்பவர்தான் பெயர் மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டும். "அதுக்கென்ன, மெதுவா பாத்துக்கலாம்" என்று எவராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

மருமானின் ஐந்து லட்சத்தில் ஐம்பதாயிரத்தை முதலிலேயே தனியாக எடுத்துவைக்கச் செய்தேன்; டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ், முதல் சர்வீஸ் என்று எல்லாம் அதிலேயே கரைந்தன. ஒன்பது வண்டி பார்த்து, பத்தாவதாக, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்த சாம்பல் நிற ஸ்விஃப்ட் அமைந்தது. வாகன் ஆரின் உயரம் அதற்கு இல்லைதான். ஆனால் கொக்கியும் ஏர்பேக்கும் இருந்தன. ஏறி இறங்கிப் பார்த்த மருமகளும் சம்மதித்தாள்.

பதினான்காம் வாரத்து ஊசிக்கு எல்லோருமாகப் புறப்பட்டோம். குழந்தை தன் ஆசனத்தில் பின்னோக்கியபடி உறங்கிற்று. பக்கத்தில் அமர்ந்த என் தங்கை, "பச்சைப் பிள்ளையை இப்படிக் கட்டிப்போடறீங்களே" என்று அங்கலாய்த்துக்கொண்டே வந்தாள். அவள் பெல்ட் போடாததைக் கண்ணாடியில் பார்த்த மருமான், சேலையூர் திருப்பத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "அம்மா, நீ போட்டாத்தான் நகரும்" என்றான். முணுமுணுத்தபடி அவள் பெல்ட்டை இழுத்தாள். முன் ஆசனத்திலிருந்து திரும்பிய நான், அவள் கையிலிருந்து அதை வாங்கி, உருளையில் மிச்சமில்லாமல் கடைசிவரை இழுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.