அரிய என்றால் எவ்வளவு அரிது?

அரிய மண் தனிமங்கள், முக்கியக் கனிமங்கள், அணுக் கனிமங்கள் என்று செய்திகளில் அடுத்தடுத்து வரும் பெயர்களை நாம் ஏறக்குறைய ஒரே பொருளில் வாசித்துவிடுகிறோம். எளிதில் கிடைக்காத, விலைமதிப்பு மிக்க ஏதோ ஒன்று என்பதோடு நின்றுவிடுகிறோம். ஆனால் இந்த மூன்றில் எதுவும், பூமிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வைத்த பெயர் அல்ல. முதலாவது வேதியியல் வரலாறு விட்டுச்சென்ற பெயர். இரண்டாவது ஒரு நாட்டின் தேவையைச் சொல்வது. மூன்றாவது சட்டத்தில் உள்ள ஒரு பட்டியல். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு சுரங்கத் திட்டத்தை நியாயமாக ஆதரிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது.

1787இல் சுவீடனின் இட்டர்பி என்ற சிற்றூரில் கார்ல் ஆக்சல் அரேனியஸ் என்ற படை அதிகாரி கரிய, கனத்த கல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1794இல் யோஹான் கடோலின் அதிலிருந்து அதுவரை யாரும் அறியாத ஒரு 'மண்ணை'ப் பிரித்தார். நீரில் எளிதில் கரையாத, தீயில் மாறாத ஆக்சைடுகளை அக்கால வேதியியலாளர்கள் மண் என்றே அழைத்தார்கள். வேறெங்கும் பார்த்திராததால் அது அரிய மண் ஆயிற்று. பின்னர் அந்த வரிசையில் 17 தனிமங்கள் சேர்ந்தன; பெயர் மட்டும் மாறவில்லை. அவற்றுள் ஒன்றான சீரியம், புவியோட்டில் செம்புக்கு இணையான அளவில் இருக்கிறது. மிகக் குறைவாக உள்ள தூலியம்கூட வெள்ளியைவிட அதிகம். கதிரியக்கத்தால் சிதைந்துபோகும் புரோமீத்தியம் ஒன்றுதான் விதிவிலக்கு. கனிமவியலாளர்கள் அரிது என்று சொல்வது வேறு அளவில். ராபர்ட் ஹேசனும் ஜெஸ்ஸி ஆசுபெலும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறியப்பட்ட 5,000க்கும் மேற்பட்ட கனிமங்களில் சுமார் 2,550 உலகில் ஐந்து அல்லது அதற்கும் குறைவான இடங்களில்தான் கிடைத்துள்ளன. மியான்மரின் மோகோக் பகுதியில் கிடைத்த கியாவ்துவைட்டுக்கு அறியப்பட்ட மாதிரி ஒன்றே ஒன்று. எந்த அரசின் பட்டியலிலும் அதற்கு இடமில்லை.

சொற்குழப்பம் வல்லுநர்களின் கவலை, பொதுமக்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. சாதாரண மணலைவிட அடர்த்தி மிகுந்தவை என்பதால் இவை கன கனிமங்கள். ஆனால் மோனசைட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் இலேசான அரிய மண் தனிமங்கள். இங்கே கனம், இலேசு என்பது அணு எண்ணைப் பொறுத்தது. இந்தியாவில் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாக அணுசக்தித் துறை கணக்கிட்டுள்ளது. இது மண்ணுக்குள் கிடக்கும் வளத்தின் கணக்கு. இலாபகரமாகவும் சட்டப்படியும் எடுக்கக்கூடிய பங்கைத்தான் சுரங்கத்துறையில் இருப்பு என்பார்கள். மின்வாகன மோட்டாரின் காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் காக்கும் டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கனவகைத் தனிமங்கள் நம் மோனசைட்டில் எடுக்கத்தக்க அளவில் இல்லை. அவ்வளவு மணல் இருந்தும் ஏன் இறக்குமதி என்ற கேள்விக்கு ஒரு விடை இதில் இருக்கிறது. மற்றொரு விடை சுத்திகரிப்பு: உலகின் அரிய மண் தனிமங்களில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில்தான் பிரித்தெடுக்கப்படுகிறது.

ஒன்றிய அரசு 2023 ஜூனில் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் செம்பு இருக்கிறது, பொட்டாஷ் இருக்கிறது. அவற்றை யாரும் அரியவை என்று சொல்வதில்லை. வெளியிலிருந்து வரத்து நின்றால் தொழிலும் உழவும் தடுமாறும் என்பதே அவை அங்கே இடம்பெறக் காரணம். அதே ஆண்டு திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, யுரேனியமும் தோரியமும் இல்லாத அரிய மண் கனிமம் 'முக்கிய' வகை. அவை கலந்திருந்தால் 'அணு' வகை. தோரியம் கொண்ட மோனசைட் இரண்டாவதில் விழுகிறது. இந்த வகைப்பாட்டின் வலிமையை 2025 செப்டம்பரில் பார்த்தோம். அணு, முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குகையில் பொதுக் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. தமிழ்நாடு முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறக் கோரினார். நாட்டின் பாதுகாப்புக்கும் காற்றாலைகளுக்கும் இவை வேண்டும், தாமதம் கூடாது என்பது அரசுத் தரப்பு. தேவை உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முக்கியம் என்ற தீர்ப்பு இறக்குமதிக் கணக்கைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அதே கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில், திட்டமிட்டபடி 1,144 ஹெக்டேரில் மணல் தோண்டினால் கடலரிப்பு கூடுமா, கதிர்வீச்சு எப்படி மாறும், மீனவர் குடியிருப்புகள் என்னவாகும் என்பவற்றை அந்தக் கணக்கு ஆராயவில்லை. அவற்றைக் கேட்டறியச் சட்டம் வைத்திருந்த இடம்தான் கருத்துக்கேட்புக் கூட்டம்.