மின்மினியின் மறுபாதி: சிலாங்கூர் ஆற்றங்கரையில் குடம்பி தேடல்

மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றோரத்துக் கம்போங் குவாந்தான் கிராமத்திலிருந்து இரவிலே துடுப்புப் படகுகள் புறப்படுகின்றன. கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் திரண்டு ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் காண்பதே பயணிகளின் நோக்கம். (சிங்கள மக்கள் ‘கிரல’ என வழங்கும் மரமும் இதுவே.) இக்காட்சியை வியந்தோர் பலர். ஆயின் தெரொப்டிக்ஸ் தெனர் என்னும் இவ்வினம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மரத்திலன்றி, அதன் பின்னுள்ள ஈரமண்ணிலேயே கழிக்கின்றது என்பதை அறிந்தோர் சிலரே.

பெண் மின்மினி கரைமண்ணில் முட்டையிடுகின்றது. வெளிப்படும் குடம்பி தாயை எவ்வகையிலும் ஒத்ததன்று. தட்டையான, கண்டங்கண்டமான, கருநிற உடலுடையது. உவர்நீர்ச் சேற்றில் ஊரும் ஒருவகைச் சிறு நத்தையே அதன் இரை. நத்தையைக் கடித்து, நச்சுநீரைச் செலுத்தி, அதனைச் செயலறச் செய்து, ஓட்டுக்குள்ளேயே தசையைக் கரைத்து உறிஞ்சுகின்றது. மரத்தில் நாம் காணும் மென்னொளியின் மூலதனம் இவ்வேட்டையிலேயே திரட்டப்படுகின்றது எனின் மிகையாகாது.

குடம்பியைத் தேடுவோர் படகை விட்டிறங்கி, நிப்பா, சவ்வரிசிப் பனை ஆகியவற்றின் அடியில், வற்று நேரத்தில் நடத்தல் வேண்டும். வெளிச்சம் இங்கே பகையாகும். விளக்கை அணைத்துக் கண்கள் இருளுக்குப் பழகும்வரை காத்திருத்தலே முதற்பணி. வளர்ந்த பூச்சி விட்டுவிட்டு மின்னும். குடம்பியோ வயிற்றின் கடைப்பகுதியிலுள்ள இரு புள்ளிகளால் மங்கலாகவும் தொடர்ச்சியாகவும் ஒளிவிடும். துணையை அழைப்பதற்கான ஒளியன்று இது. தன்னை உண்ண வருவனவற்றுக்கு விடுக்கும் எச்சரிக்கை என ஆய்வாளர் கருதுவர். அழுகிய மட்டைகளை மெல்லப் புரட்டுகையில் இவ்வொளி தென்படலாம்; சில வேளைகளில் வெறும் நத்தையோடுகளே எஞ்சும். அவையும் பயனற்றனவல்ல; இரை அங்கு இருந்தமைக்கு அவை சான்று.

இத்தேடல் வெறும் பூச்சியியல் ஆர்வம் அன்று. கரையோர மரவரிசையை மட்டும் விட்டுவைத்து, அதன் பின்னுள்ள நிலத்தை எண்ணெய்ப்பனைக்காக வெட்டித் திருத்தும்போது, காட்சிமேடை நிற்கின்றது, பிறப்பிடம் அழிகின்றது. வளர்ந்த மின்மினிகள் சில வாரங்களே வாழ்வன. ஆகவே குடம்பிகள் அழிந்தால் மரங்கள் விரைவில் இருண்டுபோகும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டப்பட்டபோது, நன்னீர் வரத்துக் குறைந்து உவர்ப்பு மாறுபடுமே என்ற அச்சமும் எழுந்தது. நத்தையும் மரமும் அவ்வுவர்ப்பின் அளவையே நம்பியிருப்பன. 2010இல் மலேசியாவில் கூடிய மின்மினி ஆய்வாளர் வெளியிட்ட சிலாங்கூர்ப் பிரகடனம் வாழிடப் பாதுகாப்பை வற்புறுத்தியது.

கோல சிலாங்கூர் வட்டாரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் உழைப்பையும் கண்ட மண். அங்கே தோட்டத்தின் எல்லை எதுவென்பதை நிர்ணயித்தோர் துடுப்பு வலிப்போரோ மரம் வெட்டியோரோ அல்லர். ஆற்றங்கரையில் எத்தனை அடி அகலத்துக்குச் சேற்றையும் பனையையும் விட்டுவைப்பது என்ற கேள்வியே இன்று குடம்பியின் கேள்வியாகவும் படகோட்டியின் கேள்வியாகவும் உள்ளது.