திரும்பிப் பார்த்ததுக்கு விலை எவ்வளவு?

2022 ஆகஸ்ட், கொலம்பியாவின் காலி நகரம். 20 வயதுக்குட்பட்டோர் உலக தடகளப் போட்டி, ஆண்கள் 100 மீட்டர் ஃபைனல். போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ கோட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே பக்கவாட்டில் திரும்பிப் பார்த்து கொண்டாட ஆரம்பிச்சுட்டார். ஆனாலும் 9.91 வினாடி, ஜூனியர் உலக சாதனை! ஜமைக்காவின் என்க்ருமி 10.02.

"முழுசா ஓடியிருந்தா?"ன்னு கேட்பீங்க. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

100 மீட்டர்ல யாரும் கடைசி வரை வேகம் கூட்டிக்கிட்டே போறதில்லை. 60 மீட்டர் பக்கத்துல உச்ச வேகம், அப்புறம் எல்லாருக்கும் இறங்குமுகம்தான். கடைசியில் ஒருத்தர் பாய்ஞ்சு வர்ற மாதிரி தெரியுதே, அது பெரும்பாலும் மத்தவங்க அவரைவிட சீக்கிரம் தளர்வதால். (கமெண்டரியில் இதைச் சொல்லவே மாட்டாங்க.)

கடைசி 10 மீட்டரை நொடிக்கு 11.5 மீட்டர் வேகத்துக்குப் பதிலா 11ல ஓடினார்னு வச்சுக்கோங்க. நஷ்டம் சுமார் 0.04 வினாடி. தங்கத்துக்கு ஆபத்தில்லை. 0.11 வினாடி முன்னிலைன்னா தரையில் ஒரு மீட்டருக்கு மேல.

சாதனை விஷயம் வேற. முந்தின மாசம்தான் யூஜீன் உலக சாம்பியன்ஷிப்பில் 9.94 ஓடி, ஏற்கனவே தன் பேர்ல இருந்த அந்த சாதனையை மேம்படுத்தியிருந்தார். காலியில் அதிலிருந்து குறைச்சது 0.03. நாம போட்ட நஷ்டக் கணக்கைவிட அது கம்மி.